எக்ஸ்ரே அறையில் நம் பிள்ளைகள்: பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



பால்மரம் வெட்டியவர் மகளும், செம்பனைக் குலை சுமந்தவர் மகனும் இன்று தாதி உடுப்பு அணிந்து ஆஸ்பத்திரிகளில் நிற்கிறார்கள். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரி, ஜாசின், அலோர் காஜா ஆஸ்பத்திரிகள், பட்டணத்துத் தனியார் மருத்துவமனைகள், எங்கே போனாலும் "வாங்கம்மா, உட்காருங்க" என்று தமிழில் ஒரு குரல் கேட்கும். நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, இனிமே எனக்கு ஆபரேஷன் அறையில வேலை, அங்கே எக்ஸ்ரே மிஷின் ஓடும்" என்று சொன்னால், வீட்டிலே என்ன நடக்கிறது?

"ஐயையோ! எக்ஸ்ரே பக்கத்துல நின்னா பிள்ளை பிறக்காதாம். நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்க வேணாமா? வேற இடத்துக்கு மாத்திக்கிட்டு வந்துடு" என்று ஒரு பாட்டி சொல்வார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, கண்ணுக்கே தெரியாத ஒண்ணு நம்மள என்ன செஞ்சிடும்?" என்று மாமா ஒருவர் சொல்வார். இரண்டு பேச்சும் தவறு. பாட்டி சொல்வது வீண் பயம், மாமா சொல்வது வீண் துணிச்சல். இரண்டுக்கும் நடுவே உண்மை இருக்கிறது. அந்த உண்மையை இந்த மாதம் பார்ப்போம். இது தாதியருக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. நெஞ்சுப் படம் எடுக்கப் போகும் நமக்கும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்கும் இதில் வேலை இருக்கிறது.

எக்ஸ்ரே என்றால் என்ன?

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி ஒரு புதுக் கதிரைக் கண்டுபிடித்தார். அது என்ன கதிர் என்று அவருக்கே விளங்கவில்லை. அதனால்தான் கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் 'எக்ஸ்' என்ற எழுத்தை அதற்குப் பெயராக வைத்தார். வெளிச்சத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் அதுவும். ஆனால் சதையை ஊடுருவிப் போகும், எலும்பில் தடைபடும், ஈயத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். எலும்பு முறிவும் நெஞ்சுச் சளியும் படத்தில் தெரிவது இதனால்தான்.

ஊடுருவிப் போகும்போது அது உடம்பின் உயிரணுக்களைச் சிறிது சிதைக்கிறது. கொஞ்சம் சிதைந்தால் உடம்பே சரிசெய்துகொள்ளும். ஒரே நேரத்தில் மிக அதிகமாகப் பட்டால் தோல் வெந்துபோகும், இரத்தம் கெடும். பல ஆண்டுகள் அடிக்கடி பட்டுக்கொண்டே இருந்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். கண்ணில் புரையும் விழலாம்.

ஒன்றை நன்றாக மனத்தில் வையுங்கள். விளக்கை அணைத்தால் வெளிச்சம் போய்விடுகிறது அல்லவா? அதுபோல எக்ஸ்ரே இயந்திரத்தின் விசையை விட்டதும் கதிர் நின்றுவிடும். அறையிலோ, கட்டிலிலோ, உடுப்பிலோ எதுவும் ஒட்டிக்கொண்டு இருக்காது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட பெரியவரைத் தொடலாம், பக்கத்தில் படுக்கலாம். எக்ஸ்ரே அறையில் வேலை செய்த மகள் வீட்டுக்கு வந்து தன் குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். மகளோடு கதிர் வீட்டுக்கு வருவதில்லை.

எவ்வளவு பட்டால் எவ்வளவு?

கதிரை அளக்க 'மில்லிசீவர்ட்' என்று ஓர் அளவு உண்டு. அரிசியைக் கிலோவில் அளப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் நம் எல்லோர் மேலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் படுகிறது. உலக சராசரி, ஆண்டுக்கு ஏறக்குறைய 2.4 மில்லிசீவர்ட். ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் குறைவு. அதாவது, இயற்கை சில நாட்களில் அல்லது இரண்டு வாரத்தில் தருவதை அது ஒரு நொடியில் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் வயிற்றுக்கு எடுக்கும் 'சி.டி. ஸ்கேன்' அப்படியல்ல. அதில் சுமார் 8 முதல் 10 வரை போகலாம். அது மூன்று நான்கு ஆண்டுகளின் இயற்கைக் கதிருக்குச் சமம். ஆகவே டாக்டர் அவசியம் என்று சொன்னால் மறுக்கக் கூடாது. நாமாகவே "எனக்கும் ஒரு ஸ்கேன் எடுங்க" என்று வற்புறுத்தவும் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் எடுக்கும் 'ஸ்கேன்' ஒலி அலையால் எடுப்பது. எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் எடுப்பது. இந்த இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. 'ஸ்கேன்' என்ற பெயரைக் கேட்டதும் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிப் பயப்பட வேண்டாம்.

உயிர் கொடுத்து வாங்கிய பாடம்

எக்ஸ்ரே வந்த புதிதில் அதன் கெடுதி யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்ற தொழிலாளி, இயந்திரம் சரியாக ஓடுகிறதா என்று தன் கையையே வைத்து வைத்துச் சோதித்தார். கை புண்ணாகிப் புற்றாக மாறியது. கைகளை வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904-இல் இறந்துபோனார். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார், பல்லாண்டு கதிரோடு பழகியதால் இரத்தம் கெட்டு 1934-இல் காலமானார்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 1936-இல் ஒரு நினைவுக்கல் எழுப்பினார்கள். கதிரால் உயிர்நீத்த பல நாட்டு மருத்துவ ஊழியர்களின் பெயர்கள், நூற்றுக்கும் மேற்பட்டவை, அதில் பொறிக்கப்பட்டன. அந்தக் கல் யார் யாருக்கு என்று சொல்லும் வரியில் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் மட்டும் இல்லை, தாதியரும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நோயாளியைப் பிடித்துக்கொண்டு நின்ற தாதிக்கு, "தள்ளி நில்லம்மா" என்று சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லை. இன்று நமக்குத் தெரியும். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தால் குற்றம் நம்முடையது.

கண்ணுக்குத் தெரியாத கெடுதி என்றால் என்னவென்று தோட்டத்துப் பெண்களுக்குப் புத்தகம் தேவையில்லை. முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தவர்கள் நீங்கள். பாராகுவாட் என்ற அந்த விஷத்துக்கு 2002-இல் தடை என்று அறிவித்தார்கள்; 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள்; கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் நம் நாட்டில் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் கையுறையும் முகமூடியும் கேட்டு வாங்கியவர் தப்பினார். "பழகிப் போச்சு" என்று விட்டவர் நகம் கழன்று, மூக்கில் இரத்தம் வந்து வருந்தினார். எக்ஸ்ரே விஷயத்திலும் 'பழகிப் போச்சு' என்பதுதான் முதல் எதிரி.

தாதிக்கு எங்கே ஆபத்து?

எக்ஸ்ரே படம் எடுப்பவர் அதற்கென்றே படித்தவர். அவருக்குப் பாதுகாப்பு முறைகள் எல்லாம் பாடத்திலேயே உண்டு. ஈயம் பதித்த சுவருக்குப் பின்னால் நின்றுதான் விசையை அமுக்குவார். தாதி அப்படி அல்ல. அவர் நோயாளியோடு இருக்கிறவர். தாதியர் படிப்பில் கதிர்ப் பாதுகாப்புக்குக் கிடைக்கும் நேரமும் குறைவுதான். ஆகவேதான் ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு விதமான தாதியரைப் பார்க்கலாம். ஒருவர், வார்டுக்கு எக்ஸ்ரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவுடன் மூச்சுத் திணறும் நோயாளியைக்கூட விட்டுவிட்டு வெளியே ஓடுவார். இன்னொருவர், ஈய அங்கி இல்லாமல் நாள்தோறும் குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலாமவரால் நோயாளிக்குக் கெடுதி. இரண்டாமவர் தமக்கே கெடுதி செய்துகொள்கிறார்.

தாதிமீது படும் கதிரில் பெரும்பகுதி இயந்திரத்திலிருந்து நேராக வருவதல்ல. நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவதுதான். கல்லில் பட்டுத் தெறிக்கும் மழைத்துளி போல. ஆபரேஷன் அறையில் எலும்பைப் பொருத்தும்போதும், இருதயக் குழாயில் அடைப்பு நீக்கும்போதும் எக்ஸ்ரே விட்டு விட்டு நெடுநேரம் ஓடும். அங்கே டாக்டரின் பக்கத்தில் நிற்கும் தாதிதான் அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்.

மூன்றே மூன்று விதிகள்

நேரம், தூரம், தடுப்பு. இந்த மூன்றையும் வீட்டிலே பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லிவைக்கலாம்.

முதலாவது, நேரம். கதிர் ஓடும் இடத்தில் வேலைக்குத் தேவையான நேரம் மட்டும் இருக்க வேண்டும். பாதி நேரம் நின்றால் பாதிக் கதிர். வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

இரண்டாவது, தூரம். இதுதான் காசு செலவில்லாத மருந்து. விடியற்காலையில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். விளக்கு பக்கத்தில் இருந்தால் மரப்பட்டை பளிச்சென்று தெரியும். நாலு நிரை தள்ளிப் போனால் மங்கிவிடும். கதிரும் அப்படித்தான். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனால் பாதி அல்ல, நாலில் ஒரு பங்குதான் படும். மூன்று மீட்டருக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. வார்டில் எக்ஸ்ரே வண்டி வரும்போது தாதி ஓடவே வேண்டாம். இரண்டு மீட்டர், அதாவது நாலைந்து எட்டு, தள்ளி நின்றால் போதும். படம் எடுத்த மறுநொடி நோயாளியிடம் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது, தடுப்பு. ஈய அங்கியும் கழுத்துக்கு ஈயப் பட்டையும் அணிய வேண்டும். அங்கி கனமாகத்தான் இருக்கும். முதுகு வலிக்கத்தான் செய்யும். அதற்காகக் கழற்றிப் போடக் கூடாது. அங்கியை மடித்து வைத்தால் உள்ளே வெடிப்பு விழும். வெடித்த அங்கி ஓட்டைக் குடை. தொங்கவிட்டுத்தான் வைக்க வேண்டும். குறித்த காலத்தில் அதையே எக்ஸ்ரே எடுத்துச் சோதிக்க வேண்டும். கண்ணுக்கும் காப்பு உண்டு. அனைத்துலகக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் கண்வில்லைக்கான ஆண்டு அளவை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20-ஆகக் குறைக்கச் சொன்னது. புரை விழுவது முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே நேரலாம் என்று தெரிந்ததால்தான்.

நெஞ்சில் குத்தும் சின்னப் பட்டை

கதிர் இடத்தில் வழக்கமாக வேலை செய்பவருக்கு ஒரு சிறு அளவுப் பட்டை கொடுப்பார்கள். அது கதிரைத் தடுக்காது. எவ்வளவு பட்டது என்று கணக்கு மட்டும் வைக்கும். நம் வேலைக்குச் செக்ரோல் எப்படியோ, கதிருக்கு அது அப்படி. பட்டை ஒன்றே இருந்தால் அங்கிக்கு உள்ளே நெஞ்சில் குத்த வேண்டும். மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலை செய்தால் பேர் போடாமல் உழைத்தது போலாகும், கணக்கில் வராது. எக்ஸ்ரே அறையில் தொங்கும் அங்கியிலேயே பட்டையை விட்டுவிட்டு வந்தால் வேலை செய்யாத நேரத்துக்கும் கணக்கு ஏறும். இரண்டும் பொய்க் கணக்கு.

நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் (சட்டம் 304) இருக்கிறது. மருத்துவத் துறைக்கு அதைச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. அதன்கீழ் 2010-இல் வந்த விதிகளின்படி, கதிர் வேலையில் இருப்பவர் உடம்புக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது. 1988-இன் பழைய விதியில் இது 50-ஆக இருந்தது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. உரிமம் பெற்ற இடத்தில் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருப்பார். "என் பட்டையில் இதுவரை எவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று தாதி அவரிடம் கேட்கலாம். கேட்பது உரிமை, கோள் சொல்வது ஆகாது. வேலைச் சீட்டைப் பார்க்காமல் கைநாட்டு வைத்த காலம் நமக்கு என்ன செய்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கதிரால் வரும் நோய், சொக்சோ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் உண்டு. நோய் என்று வந்தால் இந்தக் கணக்குத்தான் சாட்சி. கணக்கு இல்லாதவருக்கு வழக்கும் இல்லை.

பிள்ளைத்தாய்ச்சித் தாதிக்கு

தாதி கருவுற்றது தெரிந்தவுடனே மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் போகட்டும், அதுவரை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் வழக்கம். அக்கம்பக்கத்துக்கு வேண்டுமானால் அப்படி இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு அப்படிக் கூடாது. வயிற்றுப் பிள்ளை முதல் மாதங்களில்தான் உறுப்பு உறுப்பாக உருவாகிறது. சொன்ன நாளிலிருந்து பேறுகாலம் வரை கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும் என்பது அனைத்துலக வழிமுறை. பாதுகாப்போடு வேலை செய்த தாதிக்குப் பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆதாரமே இல்லை. ஆகவே பெண் பார்க்கப் போகிறவர்கள், "எக்ஸ்ரே பக்கத்துல வேலையாமே" என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாம் சரியாக நடந்துகொண்டால் அந்தத் தாதிக்கும் பாதுகாப்பு.

குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது, "மிஸ்ஸி, நீங்களே புடிச்சுக்குங்க" என்று தாதியிடம் நீட்டாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள்; தாதிக்கு அது தினந்தோறும். கர்ப்பமில்லாத தாய், அல்லது தகப்பன், ஈய அங்கி போட்டுக்கொண்டு பிடிப்பதே முறை. அங்கி தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

பெண்களிடம், "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். வெட்கப்பட்டுப் பொய்யும் சொல்லாதீர்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் படம் எடுக்கும் முன்பே சொல்லுங்கள். கலியாணம் ஆகாத பெண்ணிடமும் கேட்பார்கள். அது விதி, அவமானம் அல்ல.

பழைய எக்ஸ்ரே படம், ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அதே படத்தை மறுபடி எடுக்கும் வேலை மிச்சமாகும். படம் எடுக்கும்போது ஆடாமல் இருங்கள். ஆடினால் இன்னொரு படம்; இன்னொரு தடவை கதிர்.

காச நோய்க்கு நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னால் தயங்கவே வேண்டாம். நம் நாட்டில் 1961 முதல் நடந்துவரும் காச நோய் ஒழிப்புத் திட்டத்தில் எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களைக் காப்பாற்றியது அந்தப் படந்தான். கதிருக்குப் பயந்து காசத்தை வளர்ப்பது, கொசுவுக்குப் பயந்து வீட்டுக்குத் தீ வைப்பது போல.

விசையை அணைத்தாலும் நிற்காத கதிர்

எக்ஸ்ரே வேறு, கதிரியக்கப் பொருள் வேறு. சிசியம், கோபால்ட், இரிடியம் போன்ற கதிரியக்கப் பொருள்களுக்கு விசை கிடையாது. இரவும் பகலும் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். புற்றுநோய் வைத்தியத்துக்கும் தொழிற்சாலைச் சோதனைக்கும் இவை பயன்படுகின்றன.

தொண்டைக் கழலைக்குக் கதிரியக்க அயோடின் மருந்து குடித்தவரின் உடம்பிலேயே சில நாட்கள் கதிர் இருக்கும். வியர்வையிலும் சிறுநீரிலும் வரும். அவரைக் கவனிக்கும் தாதிக்கு ஈய அங்கி அதிகம் உதவாது, ஏனென்றால் அந்தக் கதிர் எக்ஸ்ரேயைவிட வலுவானது. அவர் நேரத்தையும் தூரத்தையும் நம்பித்தான் வேலை செய்கிறார். "மிஸ்ஸி கதவோரமாவே நின்னு பேசிட்டுப் போயிட்டாங்க, மதிக்கல" என்று குறைபட வேண்டாம். நோயாளி வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்ன நாள்வரை தனியே படுக்க வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்கவிடக் கூடாது. கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். நாள் முடிந்ததும் எப்போதும் போலப் பழகலாம். ஒதுக்கிவைக்க வேண்டாம்.

இன்னொன்று, பழைய இரும்பு பொறுக்கி விற்பவர்கள் கவனிக்க. 1987-இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட ஒரு மருத்துவ நிலையத்தில் கிடந்த இயந்திரத்தை இருவர் பழைய இரும்பு என்று கழற்றி விற்றார்கள். உள்ளே இருந்த சிசியம் தூள் இருட்டில் நீலமாக மின்னியது. அழகாக இருக்கிறது என்று உறவினர்களுக்கும் பங்கு வைத்தார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் மாண்டார்கள். 2010-இல் தில்லியின் மாயாபுரி இரும்புச் சந்தையில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலம் போட்ட பழைய கருவியில் கோபால்ட் இருந்ததால் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். நம் நாட்டிலேயே, 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாம் போன வண்டியிலிருந்து இரிடியம் அடங்கிய 23 கிலோ கருவி ஒன்று காணாமற்போனது.

மஞ்சள் நிறத்தின் மேல், நடுவில் ஒரு பொட்டும் சுற்றிலும் மூன்று விசிறி இறகும் போட்ட சின்னத்தைக் கண்டால் அது கதிருக்கு உரிய அடையாளம். ஆஸ்பத்திரிக் கதவில் 'பஹாயா' என்ற எழுத்தோடு அதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய பெட்டி, அளவுக்கு மீறிய கனம், மேலே இந்தச் சின்னம் என்றால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். தள்ளி நின்று, பிள்ளைகளை விலக்கி, 999-க்குச் சொல்லுங்கள். இந்தச் சின்னத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் ஒரு தாளில் வரைந்து காட்டிவையுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

உங்கள் வீட்டிலோ, அடுத்த லயத்திலோ தாதி வேலைக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்று இரவு சாப்பிட உட்காரும்போது நான்கு கேள்வி கேளுங்கள். அங்கி போடுகிறாயா? பட்டை குத்துகிறாயா? உன் கணக்கைப் பார்த்தாயா? பாதுகாப்பு அதிகாரி யார் என்று தெரியுமா? நான்குக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தால் நிம்மதியாக வேலைக்கு அனுப்புங்கள். "இல்லை" என்று வந்தால் வேலையை விடச் சொல்லாதீர்கள். இல்லாததைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒற்றை ஆளாகக் கேட்கத் தயங்கினால், கூட வேலை செய்யும் தாதியரோடு சேர்ந்து கேட்கட்டும். சேர்ந்து கேட்பது எப்படி என்று தோட்டத்துப் பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?